ஏற்றுமதிக்கு ஆகாத ஜெயகரன்

ஆம்பூரில் ஒழுங்கான ஷூ போட்ட ஆளைப் பார்ப்பது கஷ்டம். ஒழுங்கானதெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து மெட்ராஸ் துறைமுகம் போய்க் கப்பலேறிவிடும். தையல் ஒரு நூல் கோணினது, மாடாக இருந்த காலத்தில் முள்வேலி கீறின தழும்பு மறையாதது, வலது காலும் இடது காலும் ஒன்றையொன்று ஒத்துக்கொள்ளாதது, இந்த ரகம்தான் ஊருக்குள் தங்கும். பஜாரில் சாக்கு விரித்துக் குவித்திருப்பார்கள். அதைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டுதான் நாங்கள் கல்யாணத்துக்குப் போகிறோம், கோர்ட்டுக்குப் போகிறோம், பெண் பார்க்கவும் போகிறோம். ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

எது கப்பலேற வேண்டும், எது சாக்கில் கிடக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்லும் மேஜையில் முக்கால் ஆயுசு உட்கார்ந்திருந்தவர் ஜெயகரன். ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கர். ஷூவைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்துவார். வளைப்பார். மோந்து பார்ப்பார். பிறகு பக்கத்தில் இருக்கும் சுருளிலிருந்து சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து, குறை இருக்கும் இடத்தைக் காட்டி ஒட்டுவார். அவ்வளவுதான். வாய் திறக்க மாட்டார். அம்பு ஒட்டின ஷூ திரும்பிப் போய் ரிப்பேராகி வரும். வந்தும் தேறவில்லையென்றால் "லோக்கல்" என்று ஒரே ஒரு வார்த்தை. சாக்குக்குப் போய்விடும்.

இந்த மாதிரி ஆளுக்கு வீட்டில் என்ன மரியாதை இருக்கும்? தோசை ஓரம் கருகினால் அம்பு. சட்டைக் காலரில் மடிப்பு விழுந்தால் அம்பு. மனைவி சௌந்தரம் ரொம்ப காலம் பொறுத்துப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈஸிசேரில் கண் அயர்ந்திருந்த கணவரின் வழுக்கையில் நடு உச்சியைப் பார்த்து ஒரு அம்பை ஒட்டிவிட்டார். மனிதர் அதோடு சர்ச்சுக்குப் போய், முன்வரிசையில் உட்கார்ந்து, பின்னால் இருக்கும் சபை முழுவதும் பார்க்கத் தலை குனிந்து ஜெபம் பண்ணினார். அன்றைக்குப் பிரசங்கம் மனிதனின் வீழ்ச்சியைப் பற்றி. யாருக்கும் பிரசங்கம் காதில் விழவில்லை.

சௌந்தரம் தொண்ணூற்றொன்பதில் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் ஜெயகரன் ரிட்டயராகி, மிச்சமிருந்த அம்புச் சுருளோடு வீட்டுக்கு வந்தார். ஒட்டுவதற்கு ஆளில்லை. ஒரே மகள் ஃபீபி வேலூரில் நர்ஸ். சத்துவாச்சாரியில் இரண்டாவது மாடியில் குடித்தனம்.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் அக்தரி பேகம். அவரும் தனிக்கட்டைதான். பிள்ளைகள் சென்னை பெரியமேட்டில் தோல் வியாபாரம். "வந்துடுங்கம்மா" என்று அவர்கள் போன் பண்ணும்போதெல்லாம், "பிரியாணி அடுப்புல இருக்கு, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுவார். அடுப்பில் ஒன்றும் இருக்காது. ஜெயகரன் வீட்டு முருங்கைமரத்தின் ஒரு கிளை அவர் வீட்டு மாடிக்கு நீண்டிருந்தது. அதில் காய்க்கிற காய் யாருக்கு என்பதில் தகராறில்லை. அதிலிருந்து விழுகிற கம்பளிப்பூச்சி யாருடையது என்பதில்தான் தகராறு. தினமும் காலையில் சுவருக்கு மேல் ஒரு பாட்டம் நடக்கும்.

"ஸார், உங்க பூச்சி என் தலாணி மேல ஊர்துது!"

"பூச்சி மேல என் பேரு எழுதியிருக்கா?"

"மரத்துல எழுதியிருக்குதே!"

இதைக் கேட்டபிறகுதான் தெருவில் பலபேர் பல் விளக்கவே போவார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், இரண்டாயிரத்து மூன்றாம் வருஷ மழைக்காலத்தில், ஜெயகரன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஃபீபி வந்து வேலூருக்குக் கூட்டிப்போனாள். மாவுக்கட்டு பிரிக்கிற வரைக்கும் இரண்டாவது மாடியில் இருந்தார். அங்கே எல்லாம் சௌகரியம். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை, சண்டை போட ஒரு ஜீவன் இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாட்டின் ஜன்னல். அதுவும் மூடியிருக்கும். பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பர் சுற்றி வைத்த ஷூ மாதிரி இருந்ததாக அவரே பிறகு சொன்னார்.

கட்டுப் பிரித்ததும் "நான் ஊருக்குப் போறேன்" என்றார்.

ஃபீபி கூடவே வந்தாள். அப்பாவின் மேஜை டிராயரைத் திறந்து அம்புச் சுருளை எடுத்தாள். பாத்ரூம் தரையில் ஒன்று ஒட்டினாள். வாசற்படியில் ஒன்று. சுருண்டு கிடந்த கால்மிதியில் ஒன்று. கடியாரத்துக்குச் சாவி கொடுக்க அவர் ஏறி நிற்கிற, கால் ஆடுகிற ஸ்டூலில் ஒன்று. உட்கார்ந்தால் எழ முடியாத கக்கூஸில் ஒன்று. கடைசியாகப் பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாளில் ஒன்று. வீட்டுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம்ப்பா. ஒவ்வொரு அம்பையும் நான் பிரிச்சு எடுக்கற மாதிரி பண்ணிவைங்க. ஒண்ணு மிச்சம் இருந்தாலும் பெட்டியக் கட்டணும்."

"நீ யாரு என் வீட்டுல அம்பு ஒட்றதுக்கு?"

"நீங்க யாரு ஊரான் தச்ச ஷூல ஒட்றதுக்கு?"

ஜெயகரன் ஐந்து அம்பை ஒத்துக்கொண்டார். ஆனால் தாழ்ப்பாள் விஷயத்தில் மட்டும் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூமும் மூடி இல்லாத குழம்பும் ஒண்ணு. அத எடுக்க முடியாது."

"அப்ப பெட்டியப் பெருசா வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஃபீபி பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரிகளில் வயசானவர்களுக்கென்று விற்கிற சாமான்களை ஜெயகரன் தொடமாட்டார். "அத வீட்ல மாட்னா படுக்கைல விழுன்னு கூப்புடற மாதிரி இருக்குது" என்பார். அமெரிக்காவில் இருக்கிற சித்தப்பா பையன் ஏற்கெனவே கழுத்தில் மாட்டும் பொத்தான் ஒன்று அனுப்பியிருந்தான். அங்கே அழுத்தினால் ஆம்புலன்ஸ் வருமாம். ஆம்பூரில் அழுத்தினால் சின்னதாக ஒரு பச்சை பல்பு எரிந்தது. அதைக் காலண்டர் ஆணியில் மாட்டி வைத்தார். ஃபீபி வாங்கிக் கொடுத்த செல்போன் பத்திரமாக பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. விழுந்தவன் எழுந்துபோய் டப்பாவைத் திறந்து, தான் விழுந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும்.

ஆகையால் அவர் தனக்குத் தெரிந்த உலகத்துக்குப் போனார். கம்பெனியின் கழிவு ஷெட்டில் ரப்பர் சோல்கள் குவிந்து கிடந்தன. அச்சுக் கோளாறால் வலது சோல் மொத்தமும் வீணாகி, துணையில்லாமல் தங்கிப்போன இடது சோல்கள். மழையில் பனியில் வழுக்காமல் நடக்க ஐரோப்பாக்காரனுக்கு என்று பல்லுப் பல்லாக வார்த்தது. ஜெயகரன் மூட்டையாக வாங்கிவந்து, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் பல் மேலே இருக்கும்படி வரிசையாக ஒட்டினார். எல்லாம் இடது கால். ஒற்றைக்கால் ராட்சசன் ஒருவன் அவசரமாக நொண்டிப் போன மாதிரி இருந்தது.

எதிர்வீட்டு நந்தினி, ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவள், பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "கிருஷ்ண ஜெயந்திக்கு நாங்களும்தான் பாதம் போடறோம் சார். ஆனா எங்க சாமி வெளியேர்ந்து உள்ள வரும். உங்க சாமி நேரா கக்கூசுக்குப் போவுது."

"போற வழியில வழுக்கக் கூடாதில்லம்மா" என்றார் ஜெயகரன்.

உடைக்கப் போட்டிருந்த பழைய கம்பெனி பஸ்ஸிலிருந்து பயணிகள் பிடித்துக்கொள்ளும் கம்பிகளைக் கழற்றி வந்து பாத்ரூம் சுவர் நெடுக மாட்டினார். அக்தரி பேகம் எட்டிப் பார்த்து, "டிக்கெட் யாரு கிழிப்பாங்க?" என்று கேட்டார். கக்கூஸின் மேல் ஒரு இரும்பு நாற்காலி. நடுவில் ஓட்டை போட்டு, சுற்றிலும் ஸ்பாஞ்ச் வைத்து, சீமாட்டிகளின் கைப்பைக்குப் போகிற மெல்லிய ஆட்டுத்தோலால் இரட்டைத் தையல் போட்ட இருக்கை. எந்த நாட்டு ராஜாவும் அவ்வளவு வழவழப்பான இடத்தில் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டான்.

மிச்சம் இருந்தது, விழுந்தால் கூப்பிடுவது எப்படி என்பது. இதில்தான் ஜெயகரன் மூளை உண்மையாகவே வேலை செய்தது. விழுந்தவனுக்குச் சுவரில் இருக்கிற ஸ்விட்ச் எட்டாது, தரையில் இருக்கிறதுதான் எட்டும். ஆகவே ஷூ லேஸ்களை முடிச்சுப் போட்டுப் போட்டு நீளமாக்கி, கணுக்கால் உயரத்தில் பாத்ரூமைச் சுற்றி ஓடவிட்டார். எங்கே விழுந்தாலும் கைக்கு லேஸ் கிடைக்கும். இழுத்தால் மணி அடிக்க வேண்டும்.

எலெக்ட்ரிஷியன் வசந்த், "மணியெல்லாம் கேக்காது சார். தெருவே டிவி போட்டுக்கிட்டு கெடக்குது" என்றான். அவனிடம் ஒரு சாமான் இருந்தது. ஆற்றைக் கெடுக்கிறதென்று கோர்ட் உத்தரவு போட்டு மூடிப்போன, தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மெஷின்களைப் பிரித்தபோது அவனுக்கு வந்து சேர்ந்த பழைய சங்கு. மூன்று ஊருக்குக் கேட்கும் கரெண்டு சங்கு. அதை மாடியில் ஏற்றி, லேஸோடு சேர்த்தான். ஒரு இழுப்புக்கு ஊதும், மறு இழுப்புக்கு நிற்கும்.

"டெஸ்ட் பண்ணிப் பாரு" என்றார் ஜெயகரன்.

"வேணாம் சார். இப்ப சும்மா ஊதிக் கூட்டம் சேத்தீங்கன்னா, நெஜமா விழும்போது ஒருத்தனும் வர மாட்டான்."

நியாயமாகத்தான் பட்டது. உலகத்துக்கே அம்பு ஒட்டின மனிதர், வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சரக்கைச் சோதிக்காமல் பாஸ் பண்ணினார்.

இங்கே தெருவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது ஒரு ஷூ கம்பெனி. காலையில் அதன் முதல் சங்கு ஊதினால் தலை வாரு என்று அர்த்தம். இரண்டாவது ஊதினால் ஓடு என்று அர்த்தம். பிறகு கேட்டைச் சாத்திவிடுவார்கள், அரைநாள் கூலி போய்விடும். கடியாரம் இல்லாத வீடில்லை. ஆனால் கடியாரமும் சங்கும் ஒத்துப்போகாவிட்டால், கடியாரத்தைத்தான் திருத்துவார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும். வாசற்படி, கால்மிதி, ஸ்டூல் எல்லாவற்றையும் சரிபண்ணியாயிற்று, தாழ்ப்பாள் அம்பு ஒன்றுதான் பாக்கி. விடிந்தும் விடியாத நேரத்தில் எழுந்த ஜெயகரனுக்கு, பாத்ரூமில் ஒரு சோல் ஓரம் பெயர்ந்திருப்பது கண்ணில் பட்டது. அவருக்கா பொறுக்கும்? ஷூ ஒட்டுகிற சொல்யூஷனைப் பூசி, இன்னும் இரண்டு சோல்களைச் சேர்த்து ஒட்டி, வழிந்ததைத் துடைத்தார். துடைத்ததாக நினைத்தார். பிறகு வந்த காரியத்தைப் பார்க்கக் கதவைத் தாழிட்டுத் திரும்பினார்.

ரப்பரை ரப்பரோடு சேர்ப்பதற்கென்றே காய்ச்சின பசை அது. காலில் இருந்ததோ ரப்பர் செருப்பு. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. ஜெயகரன் நடந்தார், செருப்பு நடக்கவில்லை. பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் விழுந்தார் என்று சொல்ல முடியாது. மெதுவாக இறங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்த பிறகு, முழங்கால் இரண்டும் இனி எங்களுக்கும் உனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டன.

சரி, லேஸ் இருக்கிறதே. இழுத்தார்.

சங்கு அலறியது. சுவர் அதிர்ந்தது. முருங்கைமரத்துக் காக்கைகள் எழும்பின. ஜெயகரனுக்குத் தன் புத்தியை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. திரும்ப இழுத்து நிறுத்தினார். இப்போது தெரு திரண்டு வரும் என்று காத்திருந்தார்.

தெரு திரண்டது. கதவுகள் திறக்கிற சத்தம், பாத்திரம் விழுகிற சத்தம், "ஐயோ, சங்கு ஊதிட்டாங்கடி, கடியாரம் நின்னுபோச்சு போலருக்குது!" என்று நந்தினியின் குரல், தடதடவென்று காலடிகள். காலடிகள் அவர் வாசல் வரைக்கும் வந்தன. வாசலைத் தாண்டிக் கம்பெனிப் பக்கம் போயின.

"ஏய், நான்தான்! இங்க வாங்க!" என்று கத்தினார். கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் மறுபடியும் லேஸை இழுத்தார்.

அது இரண்டாவது சங்கு.

அதுவரை நடந்தவர்களும் ஓடினார்கள். பாதித் தலை வாரினவள், பல்லில் பிரஷ்ஷோடு ஒருத்தி, ஒரு காலில் செருப்போடு ஒருத்தி. ஊரையே கூப்பிடுவதற்காகச் செய்த சாமான் தெருவை ஒரு குஞ்சு பாக்கியில்லாமல் காலி பண்ணிவிட்டது. ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டு ஜெயகரன் தனக்குத் தெரிந்த வசனங்களை ஜெபமாகவும் மற்றபடியும் சொன்னார். நேரம் போனது. கடைசியில், வேறென்ன செய்ய, மூன்றாம் தடவை இழுத்தார்.

எங்கள் தெருவில் மூன்றாவது சங்கு என்று ஒன்று கிடையாது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கம்பெனிச் சங்குக்குக் கட்டுப்படாத ஒரே ஒரு ஆள் தெருவில் மிச்சம் இருந்தார். எழுந்ததும் ஜெயகரன் திறந்துவைத்திருந்த தலைவாசல் வழியாக, இடது கால்களை மிதித்துக்கொண்டு அக்தரி பேகம் உள்ளே வந்தார்.

"ஸார்! எங்க இருக்கீங்க? காலங்காத்தால இன்னா பேஜாரு இது? மொதல்ல பூச்சி, இப்ப சங்கா?"

"பாத்ரூம்ல இருக்கேன். எழுந்திருக்க முடியல."

காலடி பாத்ரூம் கதவுக்கு முன்னால் நின்றது. பிறகு சந்தேகமாக ஒரு குரல்: "துணி?"

"இருக்குது."

"சத்தியமா?"

"லுங்கியும் பனியனும் இருக்கும்மா! தாழ்ப்பாளைத்தான் எடுக்க முடியல, எட்டல."

"அந்தத் தாழ்ப்பாளத்தானே ஃபீபி கழட்டச் சொல்லிச்சு?"

"இப்ப அதப் பேசற நேரமா?"

"இப்பத்தான் நீங்க பதில் பேச முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனவர், முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியோடு திரும்பி வந்தார். பல வருஷமாகக் கேட்டும் ஜெயகரன் இரவல் கொடுக்காத தொரட்டி. கதவுக்கு மேலிருந்த வென்டிலேட்டர் வழியாக அதை உள்ளே விட்டு, தாழ்ப்பாளைக் கொக்கியில் மாட்டி, "காய் வேணும்னு கேட்டேனா, பூச்சியப் புடிச்சுக்கோங்கன்னுதானே கேட்டேன்" என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வெட்டு இழுத்தார். தாழ்ப்பாள் திறக்கவில்லை. திருகாணியோடு பெயர்ந்து விழுந்தது. உள்ளே வந்து தொரட்டிக் கம்பை நீட்டி, ஜெயகரனை இழுத்து எழுப்பினார்.

கேட் திறக்காத கம்பெனி வாசலில் வாட்ச்மேனிடம் திட்டு வாங்கின கூட்டம், மூன்றாவது சங்கு வந்த திசையை வைத்துக் காரணம் தெரிந்து, நேராக ஜெயகரன் வீட்டு வாசலுக்கு வந்தது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து நந்தினி, "சார், விழுந்தா விழுந்தேன்னு சொல்லுங்க. எங்கள ஏன் வேலைக்கு அனுப்பறீங்க?" என்று கேட்டாள். அவளே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஃபீபிக்கும் சொல்லிவிட்டாள்.

ஃபீபிக்குச் செய்தி போனது தெரிந்ததும் ஜெயகரன் எழுந்து பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கச் சொன்னார். சட்டைகளை மடித்து வைத்தார். சௌந்தரத்தின் போட்டோவை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடியும் சுவரிலேயே மாட்டினார். பிறகும் எடுத்தார். அக்தரி பேகம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"போறீங்களா?"

"ஒரு அம்பு மிச்சம் இருந்தாலும் போகணும். பேச்சு அதுதான்."

"எந்த அம்பு மிச்சம்? தாழ்ப்பாளத்தான் நான் குப்பைல போட்டாச்சே." கொஞ்சம் யோசித்து, "அந்த லேஸு எவ்ளோ நீளம் வரும்?" என்று கேட்டார்.

ஃபீபி மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தாள். டியூட்டிப் புடவையைக்கூட மாற்றவில்லை. அப்பாவின் முழங்காலை அழுத்திப் பார்த்தாள். சோல்களின் மேல் ஈரக்காலோடு குதித்துப் பார்த்தாள். வழுக்கவில்லை. அம்பைப் பிரித்தாள். தரையோடு ஒன்றாகிவிட்டிருந்த அப்பாவின் செருப்பைச் சுற்றி நடந்துபோய் பஸ் கம்பியில் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினாள். ஆட்டுத்தோல் நாற்காலியில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதித்தாள். பிரித்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைதான் இருந்தது. அம்பு தாழ்ப்பாளோடேயே போய்விட்டிருந்தது.

"சங்கு?"

"வசந்த் கழட்டிட்டான். தெருவே நின்னு கழட்ட வச்சிட்டாங்க."

"அப்ப விழுந்தா?"

ஜெயகரன் லேஸைக் காட்டினார். அது இப்போது மாடிக்குப் போகவில்லை. ஜன்னல் வழியாக வெளியேறி, முருங்கைக் கிளையைச் சுற்றி, சுவரைத் தாண்டிப் போயிற்று. ஃபீபி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்ரூம் தரையில் நீட்டிப் படுத்தாள். கையைத் துழாவி லேஸைப் பிடித்து இழுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், சமையல்கட்டில் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த எவர்சில்வர் டம்ளர்களும் கரண்டிகளும் கலகலவென்று குலுங்கின. அடுத்த மூச்சில் குரல் வந்தது.

"இன்னா ஸார் இப்போ? விழுந்தீங்களா, சும்மாவா?"

ஃபீபி படுத்தபடியே சிரித்துவிட்டாள். எழுந்து வந்தபோது அவள் விரல் நுனிகளில் பிரித்த அம்புகள் ஒட்டியிருந்தன. அதில் ஒன்றை எடுத்து அப்பாவின் சட்டைப்பையின் மேல் ஒட்டினாள்.

ஜெயகரன் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "இன்னா டிஃபெக்ட்டு? பேரச் சொல்லணும். பேரு சொல்லாம ரிஜெக்ட் பண்ணக் கூடாது, அது ரூலு."

"ஒண்ணு ரெண்டா இருந்தா சொல்லலாம்ப்பா. முழங்காலு, வாயி, பிடிவாதம், சொன்ன பேச்சக் கேக்காதது. ரிப்பேர் பண்ணியும் தேறல. இந்த சரக்க ஏத்தி அனுப்பினா வேலூர்லேர்ந்தே திருப்பி அனுப்பிடுவாங்க." பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "லோக்கல்."

ஜெயகரன் சட்டையில் இருந்த அம்பைத் தடவிப் பார்த்தார். அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பார். அதில் இவ்வளவு தித்திப்பு இருந்தது அவருக்கே தெரியாது. போட்டோவை எடுத்துக்கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். கோணலாக மாட்டினார், திருத்தவில்லை.

அதற்குள் அக்தரி பேகம் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். தொரட்டி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. நிலைமையை ஒருமுறை பார்த்தார். ஜெயகரன் சட்டையில் இருந்த அம்பைப் பார்த்தார். பிறகு ஃபீபி பக்கம் திரும்பி, துப்பட்டாவை ஒதுக்கித் தோளைக் காட்டினார்.

"எனக்கும் ஒண்ணு ஒட்டும்மா. வெள்ளிக்கிழமை பெரியமேட்லேர்ந்து பெரிய பையன் என்னக் கூட்டிட்டுப் போவ கார் எடுத்துக்கிட்டு வர்றான்."